கை ஏன் தொங்குது? செல்போனில் நோய் கண்டுபிடிக்கும் மாணவர்கள்!

"ஐயா, என் முட்டிவலி இருக்கட்டும். முதல்ல இதுக்கு ஒரு வழி சொல்லுங்க..." என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. இரண்டு வருஷமாக என்னிடம் மருந்து சாப்பிடுகிறவர். மகன் எம்.பி.பி.எஸ். சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. "பெரிய பெரிய புஸ்தகமா வாங்கிக் கொடுத்திருக்கோம். லீவுக்கு வந்தா அதைத் தொடறதே இல்லை. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் செல்போன்ல நாலு பதில்ல ஒண்ணைத் தட்டறதும், 'சே!'ன்னு தலையில அடிச்சுக்கறதும்... கேட்டா 'கேஸ் பார்க்கிறேன்மா'ங்கறான். ஒரு நோயாளியைக்கூட இன்னும் தொட்டுப் பார்க்காத பையனுக்கு என்னங்க கேஸு?"

நியாயமான கேள்விதான். மருத்துவக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்ட பல வீடுகளில் இப்போது இதே புகார். 'சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பி.எஸ்.எம்.எஸ். படிப்பும் ஐந்தரை வருஷம்தான். எங்களுக்கும் உடற்கூறு உண்டு, உடல் இயங்கும் விதம் உண்டு, வார்டு உண்டு. மருந்து வேறே தவிர, எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன கோளாறு என்று யோசித்துக் கண்டுபிடிக்கிற வேலை எந்த வைத்தியத்துக்கும் ஒன்றுதான். போதாக்குறைக்கு என் தம்பி மகளும் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால், "பெரியப்பா, இதுக்கு விடை சொல்லுங்க பார்ப்போம்" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். அப்படித்தான் எனக்கு இந்தக் கேள்விகள் பழக்கமாயின.

அந்த மாதிரிக் கேள்வி ஒன்றை உங்கள் முன்னாலும் வைக்கிறேன். பயப்படாதீர்கள், மார்க் கிடையாது.

40 வயதுக்காரர். ராத்திரி முழுக்க பஸ் பயணம். வலது கையைப் பக்கத்து சீட்டின் முதுகு மேலே தொங்கப் போட்டபடியே அசந்து தூங்கிவிட்டார். விடிந்து பார்த்தால் மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. உள்ளங்கை கீழே பார்க்கத் தொங்குகிறது. விரல்களையும் நிமிர்த்த வரவில்லை. முழங்கையை மட்டும் நன்றாக நீட்ட முடிகிறது. புறங்கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மதமதப்பு. முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, கால் பலமாக இருக்கிறது. கோளாறு எந்த இடத்தில்? மூளையிலா, அக்குளிலா, மேல்கை எலும்பின் நடுப்பகுதியிலா, மணிக்கட்டிலா?

வீட்டில் இப்படி ஒருத்தர் எழுந்து வந்தால் எல்லோரும் 'ஐயோ, பக்கவாதம்!' என்றுதான் அலறுவோம். முதல் வருஷ மாணவனுக்கும் அதுதான் முதலில் தோன்றும். இன்னொரு மாணவன், 'தொங்குவது மணிக்கட்டு, ஆகவே கோளாறும் மணிக்கட்டில்' என்று தட்டுவான். என் தம்பி மகள் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முழங்கையை நீட்ட முடியுதுன்னு எதுக்குப் பெரியப்பா வேலை மெனக்கெட்டு எழுதியிருக்காங்க?" என்றாள்.

அங்கேதான் பூட்டு திறந்தது!

கழுத்துப் பக்கத்திலிருந்து கைக்கு இறங்குகிற நரம்புகளில் ஒன்று ரேடியல் நரம்பு. அக்குள் வழியாக வந்து, மேல்கை எலும்பின் பின்புறத்தை ஒரு கொடி சுற்றுவது மாதிரி சுற்றிக்கொண்டு முன்கைக்குப் போகிறது. முழங்கையை நீட்டுகிற தசைக்குப் போக வேண்டிய கிளைகள் மேலேயே பிரிந்துவிடும். மணிக்கட்டையும் விரல்களையும் தூக்குகிற தசைகளுக்கான கிளைகள் அதற்கும் கீழே பிரியும். சரி, அக்குளில் அடிபட்டிருந்தால் என்ன ஆகும்? முழங்கை நீட்டுவதும் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆகவே அக்குள் அல்ல. மணிக்கட்டில் அடிபட்டிருந்தால்? தூக்குகிற தசைகள் இருப்பது முன்கையில். அவற்றுக்கான நரம்பு அதற்கு முன்பே உள்ளே போய்விட்டது. தோலில் உணர்ச்சி குறையலாம், கை தொங்காது. மூளையில் என்றால் பெரும்பாலும் முகமோ பேச்சோ காலோ கூடவே சொல்லும். பாதிப்பும் இப்படி ஒரே ஒரு நரம்பின் பாதையைக் கோடு பிடித்துக்கொண்டு வராது. மிச்சம் இருப்பது மேல்கை எலும்பின் நடுப்பகுதி. சீட்டின் விளிம்பு ராத்திரி முழுக்க அழுத்திய அதே இடம்!

மேல்நாட்டில் இதற்கு 'சனிக்கிழமை ராத்திரி வாதம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை குடித்துவிட்டு நாற்காலியின் மேல் கையைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு வருவதால். நம்மூரில் குடி வேண்டாம், ராத்திரி பஸ்ஸே போதும். நரம்பு நசுங்கியதோடு நின்றிருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் தானே சரியாகிவிடும்.

(இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் டாக்டர் ஆகிவிட வேண்டாம். மூளையில் சின்னதாக ஏற்படும் அடைப்பு அபூர்வமாகக் கையை மட்டும்கூடத் தாக்கும். கையோ காலோ திடீரென்று பலம் இழந்தால், முகம் கோணினால், பேச்சு குழறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. அதில் ஒரு மணி நேரத்தைக் குடும்பமே உட்கார்ந்து விவாதித்துக் கரைத்துவிடாதீர்கள். எண்ணெய் தேய்க்க முதலில் என்னிடமும் வர வேண்டாம்!)

இந்தக் கேள்வியில் மாணவனிடம் புதிதாக எதுவும் கேட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நரம்பு எங்கே போகிறது, எங்கே கிளை பிரிகிறது என்பதெல்லாம் முதல் வருஷ உடற்கூறு வகுப்பில் படித்ததுதான். படித்ததைக் கொண்டு போய் ஒரு மனுஷன் மேல் வைக்கத் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. 'என்ன இருக்கிறது' என்று பார்க்கிற கண், 'என்ன கெடாமல் இருக்கிறது' என்றும் பார்க்கிறதா என்பதும்.

நல்ல கேள்வித் தொகுப்பு இதோடு விடாது. அடுத்த தடவை அதே மனிதரை ஒரே ஒரு வரி மாற்றிக் கொண்டுவரும். 'முழங்கையையும் நீட்ட முடியவில்லை. ஒரு மாதமாக அக்குளில் ஊன்றுகோல் வைத்து நடக்கிறார்' என்று. விடை அக்குளுக்கு நகர்ந்துவிடும். 'வாய் ஒரு பக்கம் இழுக்கிறது' என்று சேர்த்தால் மூளைக்கு ஓடிவிடும். ஒரு வரி மாறினால் எல்லாம் மாறும் என்று விரல் நுனியில் படுகிறபோது கிடைக்கிற புத்தி, பத்துப் பக்கத்தை உருப்போட்டாலும் கிடைக்காது. தவறான விடையைத் தட்டினால் அது ஏன் தவறு என்று நாலைந்து வரி வரும். அந்த நாலைந்து வரிக்குத்தான் காசு! அதைப் படிக்காமல் 'சரியா, தப்பா' என்று மட்டும் பார்த்துக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவுகிற பிள்ளை விளையாடுகிறான் என்று அர்த்தம். அம்மா கண்டிக்கலாம்.

சுரண்டிப் பார்த்த காலம்

இந்த யோசனை செல்போனோடு பிறந்தது அல்ல. 1963-ல் அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர், நோயாளி மாதிரி நடிக்க ஒரு பெண்ணைப் பழக்கி மாணவர்கள் முன்னால் உட்கார வைத்தார். அந்தக் காலத்தில் கேலி பேசியவர்கள் உண்டு. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-ல் மருத்துவப் படிப்பைத் தொடங்கியபோது, வகுப்புப் பாடத்துக்குப் பதிலாக நோயாளியின் கதையை முதலில் கொடுத்து, 'இதைப் புரிந்துகொள்ள என்னென்ன படிக்க வேண்டும்?' என்று மாணவர்களிடமே விட்டார்கள். பாரோஸும் பிறகு அங்கே போய்ச் சேர்ந்தார்.

அமெரிக்கப் பரீட்சைகளில் 1960-களில் இன்னொரு வேடிக்கை நடந்தது. கேள்வித்தாளில் பதில்களை மறைத்து அச்சடித்திருப்பார்கள். 'ரத்தம் சோதிக்கிறேன்' என்று முடிவு செய்தால் அந்த இடத்தைச் சுரண்ட வேண்டும், முடிவு தெரியும். நம்ம சுரண்டல் லாட்டரி மாதிரி! ஆனால் அதில் ஒரு ஓட்டை. யோசித்து இரண்டு இடம் சுரண்டியவனைவிட, எல்லாவற்றையும் சுரண்டித் தள்ளியவன் அதிக மார்க் வாங்கிவிட்டான். (எல்லா டெஸ்ட்டும் எழுதித் தருகிற டாக்டர்களைப் பற்றி உங்களுக்கு இப்போது ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.)

1978-ல் எல்ஸ்டைன், ஷுல்மன், ஸ்ப்ராஃப்கா ஆகிய மூவர் எழுதிய ஆராய்ச்சி நூல் வந்தது. தேர்ந்த டாக்டர் கடைசி வரை எல்லாத் தகவலையும் சேகரித்துவிட்டு அப்புறம் யோசிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை என்று தெரிந்தது. முதல் சில நிமிஷங்களிலேயே 'இதுவா, அதுவா, இன்னொன்றா' என்று ஒரு சில சந்தேகங்களை மனசில் வைத்துக்கொண்டு, அவற்றைச் சோதிக்கத்தான் மீதிக் கேள்விகளைக் கேட்கிறார். இன்னொன்றும் தெரிந்தது. ஒரு கேஸில் கெட்டிக்காரர் இன்னொரு கேஸிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று சொல்ல முடியாது. 'பொதுவான நோயறியும் திறமை' என்று தனியாக ஒன்று கிடையாது. நிறையப் பார்த்தவருக்கே அந்தந்த இடத்தில் புத்தி ஓடுகிறது.

நிறைய என்றால் எத்தனை? ஒரு வார்டில் ஒரு மாணவன் கண்ணில் படுகிற நோயாளிகள் அந்த வாரம் யார் வந்து படுத்தார்களோ அவர்கள்தான். மழைக்காலம் என்றால் காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். நரம்பு நசுங்கியவர் வருஷத்தில் எப்போது வருவாரோ! ஆன்லைன் கேள்விகளின் பெரிய லாபம் இங்கேதான். அபூர்வமான கேஸ், அவசரமான கேஸ், மாணவனை விடக்கூடாத கேஸ் எல்லாம் அங்கே வரிசையில் காத்திருக்கும். தப்பு செய்தாலும் யாருக்கும் ஆபத்து இல்லை. நம் நாட்டில் 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், முதல் வருஷத்திலேயே மாணவனை நோயாளிப் பக்கம் திருப்பிவிடச் சொல்கிறது. மறு வருஷம் கொரோனாவில் கல்லூரிகள் மூடியபோது, பல பிள்ளைகளுக்கு வார்டு என்றால் செல்போன்தான் என்று ஆகிப்போனது.

புத்தகத்தை மறுபடி மறுபடி படிப்பதா, கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்ப்பதா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. மாணவர்களுக்குச் சின்னக் கட்டுரைகள் கொடுத்தார்கள். ஒன்றை இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னார்கள்; இன்னொன்றைப் படித்ததும் மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்ததுதான் மேல்: 81 சதவிகிதம், எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ்! மறுபடி படித்தது 42-க்கு இறங்கிவிட்டது, எழுதிப் பார்த்தது 56-ல் நின்றது. அந்த அம்மாவின் பையன் தலையில் அடித்துக்கொள்கிறானே, அந்த அடி வீண் போகாது.

'கேஸ்தான்' என்று மூடிவிட்டால்...

இதெல்லாம் பரீட்சை சமாசாரம் மட்டும் என்றால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன். நாளைக்கு உங்களையும் என்னையும் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள். 2005-ல் அமெரிக்காவில் மார்க் கிரேபரும் அவருடைய சகாக்களும், நோயைத் தவறாகக் கணித்த 100 கேஸ்களை எடுத்து அலசினார்கள். டாக்டருக்கு விஷயமே தெரியாமல் தவறியது சொற்பம். யோசனையில் நேர்ந்த தவறுகளில் அடிக்கடி கண்ணில் பட்டது எது தெரியுமா? ஒரு காரணம் கிடைத்ததும் 'அவ்வளவுதான்' என்று மனசை மூடிவிடுவது!

12 வருஷமாகச் சர்க்கரை உள்ள 56 வயது பெண்மணி. காலையிலிருந்து மேல்வயிற்றில் ஒரு மாதிரி இருக்கிறது, குமட்டுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. நெஞ்சுவலி என்று அவர் சொல்லவே இல்லை. முந்தின நாள் கல்யாண வீட்டில் பலமான சாப்பாடு. நம் வீடுகளில் என்ன செய்வோம்? 'கேஸ்தான்' என்று சுக்குக் கஷாயமோ, சோடாவோ! கேள்வியும் அந்தக் கல்யாணச் சாப்பாட்டை வேண்டுமென்றே தூண்டில் புழுவாகப் போட்டிருக்கும். சரியான விடை இ.சி.ஜி. ஆஸ்பத்திரிக்குள் வந்த 10 நிமிஷத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இதயத்தின் அடிப்பக்கச் சுவர் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் அடைபட்டால் மேல்வயிற்றுக் கோளாறாகத் தெரியலாம். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராமலும் இருக்கலாம். 19 வயதில் இந்தக் கேள்வியில் ஏமாந்து 'சே!' சொன்னவன், 26 வயதில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பெண்மணியைப் பார்க்கும்போது கை தானாக இ.சி.ஜி. மெஷினுக்குப் போகும். போக வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

கேள்வியில் இல்லாதது

இத்தனை புகழ்ந்தாலும் எனக்கு இதில் ஒரு பெரிய குறை உண்டு. தம்பி மகளிடம் ஒருநாள், "நாக்கு எப்படி இருந்ததாம்?" என்று கேட்டேன். "அது கேள்வியில இல்லை பெரியப்பா" என்றாள். எங்கள் மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டையும் வைத்தியன்தான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணியில் வாத நோய் மட்டும் 80. அந்த 80-ல் இது எது என்று பிரிக்கிறவன், நோயாளி சொல்லாததையும் கேட்டு வாங்க வேண்டும். செல்போன் கேள்வியில் தேவையான தகவலை எல்லாம் யாரோ சேகரித்து, இலையில் பரிமாறி வைத்துவிடுகிறார்கள். மாணவன் சாப்பிட்டால் போதும். வார்டில் அவனே போய் விறகு பொறுக்க வேண்டும்!

மொழி வேறு இருக்கிறது. கேள்விகள் இங்கிலீஷில் சுத்தமாக இருக்கும். நம்ம ஆட்கள் எப்படிப் பேசுவார்கள்? "மயக்கமா வருது" என்பார் ஒருவர். அது தலை சுற்றலா, கண் இருட்டுவதா, நினைவு தப்புவதா, வெறும் அசதியா? நாலும் நாலு திசை. வலிக்கு மட்டும் தமிழில் எத்தனை வார்த்தை! கடுக்குது, உளையுது, குடையுது, குத்துது, எரியுது, சுருக்குங்குது... 'விண்ணு விண்ணுன்னு தெறிக்குது' என்று ஒரு பாட்டி சொன்னால் உள்ளே சீழ் பிடித்திருக்கிறதோ என்று பார்க்கத் தோன்றும். தொங்குகிற கையோடு வருகிறவர் 'ரேடியல் நரம்பு' என்றா சொல்வார்? "கை செத்துப்போச்சுங்க" என்பார். பஸ்ஸில் தூங்கியதைக் கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார். குடித்துவிட்டுத் தூங்கியிருந்தால் கேட்டாலும் சொல்ல மாட்டார், மனைவி பக்கத்தில் நிற்பாரே! இந்த நெளிவுசுளிவு எந்தக் கேள்வித் தொகுப்பிலும் இல்லை. இப்போது கம்ப்யூட்டரே நோயாளி மாதிரி பேசிக் காட்டும் வசதி வந்திருக்கிறது, பழகிப் பார்க்கலாம். ஆனால் அது சில சமயம் தப்பான விஷயத்தையும் தைரியமாகச் சொல்லும், வாத்தியாரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

பெற்றோர்களுக்கு இரண்டு வார்த்தை. முதல் வருஷத்திலேயே மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்கான பேக்கேஜ் என்று பெரிய தொகை கேட்டால் அவசரப்படாதீர்கள். நீட் பி.ஜி. பரீட்சையில் 200 கேள்வி, சரியான விடைக்கு 4 மார்க், தப்புக்கு 1 மார்க் குறைப்பு. அதற்கான பயிற்சி சீக்கிரம் விடை தட்டும் பழக்கத்தைத்தான் முதலில் கொடுக்கும். முதல் இரண்டு வருஷத்துக்கு வேண்டியது, அன்றைக்கு வகுப்பில் நடந்த பாடத்தை ஒட்டிய பத்துக் கேள்வி. நாலு விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு, தானே ஒரு விடை சொல்லிவிட்டு, அப்புறம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வாய்விட்டு, 'இதனால் இது இல்லை' என்று சொல்லிப் பார்ப்பது இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு நண்பன் இருந்தால் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

படிக்கிற நோயெல்லாம் தனக்கே இருப்பதாகப் பிள்ளைகளுக்குத் தோன்றுகிற ஒரு பருவமும் வரும். லேசான தலைவலிக்கே 'மூளைக்கட்டியா இருக்குமோ' என்பான். உலகம் முழுக்க மருத்துவ மாணவர்களுக்கு உள்ளதுதான், பதற வேண்டாம். நீங்களும் பெரியப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை அவனிடம் நீட்டாதீர்கள்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான். வீட்டில் மாமியாருக்கும் முழங்கால் வலியாமே. ஞாயிற்றுக்கிழமை பையனை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். கையில் போன் வேண்டாம், ஒரு நோட்டு போதும். எப்போது ஆரம்பித்தது, படி ஏறும்போதா இறங்கும்போதா, காலையில் எழுந்ததும் விறைப்பு எத்தனை நேரம், வீங்குகிறதா, ராத்திரி தூங்க விடுகிறதா... பாட்டி நடுவில் 1975-ல் நடந்த கல்யாணக் கதைக்குப் போனாலும் குறுக்கே பேசாமல் கேட்கட்டும். கேட்டதை எழுதி, மூன்று சந்தேகங்களையும், ஒவ்வொன்றும் ஏன், ஏன் இல்லை என்பதையும் அடியில் குறிக்கட்டும். மருந்து மட்டும் சொல்ல வேண்டாம், அதற்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது.